நம் இணையதளத்தை எப்போது மாற்ற வேண்டும்?

(வட்டாரக் கூட்டமைப்பின் பொருள் உற்பத்திக் குழுக்களுக்கான பயிற்சி முகாமில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



இன்றைய தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒரு அக்கா, "வெப்சைட்டா? அது படிச்ச புள்ளைங்க பாக்குற வேலை, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தில் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்லியே ஆரம்பிக்கிறோம்.

வருகிற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பொருள் விவாதத்துக்கு வருகிறது. நம் கூட்டமைப்பின் இணையதளம் பழசாகிவிட்டது, அடியோடு மாற்றிப் புதிதாகச் செய்ய 45,000 ரூபாய் ஆகும் என்று ஒரு நிறுவனத்தார் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள். பணமும் உங்கள் பணம். அதனால்தான் இது நமக்கு.

45,000 ரூபாய் என்றால் எவ்வளவு? ஒரு பாட்டில் ஊறுகாயில் எல்லாச் செலவும் போக 15 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 பாட்டில் விற்றால்தான் 45,000 ரூபாய். 3,000 பாட்டிலுக்கு எவ்வளவு மாங்காய் நறுக்க வேண்டும் என்பது உங்கள் கைகளுக்குத் தெரியும். அதற்காக "வேண்டவே வேண்டாம்" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. செலவு செய்ய வேண்டிய நேரத்தில் செய்துதான் ஆக வேண்டும். அந்த நேரம் வந்துவிட்டதா இல்லையா என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பழசு வேறு, தப்பு வேறு

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் குழு இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் எது? கணக்குப் புத்தகம். நோட்டின் அட்டை கிழிந்திருக்கலாம், எண்ணெய்க் கறை படிந்திருக்கலாம். தணிக்கைக்கு வருகிறவர் அதைப் பார்ப்பதில்லை. உள்ளே எழுதியிருப்பதும் பெட்டியில் இருக்கும் பணமும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார்.

இணையதளமும் அப்படித்தான் சகோதரிகளே. அது நம் கடை வாசலில் நாம் மாட்டிய பலகை. பலகையின் வண்ணம் மங்கினால் அது பழசு. பலகையில் எழுதியது ஒன்று, கடைக்குள் இருப்பது வேறு என்றால் அது தப்பு. பழசு கொஞ்ச நாள் பொறுக்கும், தப்பு ஒரு நாள் கூடப் பொறுக்காது.

ஆகவே தளத்தை மாற்ற வேண்டுமா என்று யாராவது கேட்டால் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, அதில் எழுதியிருப்பது உண்மையா? இரண்டு, வந்தவர் வந்த வேலையை முடிக்க முடிகிறதா? மூன்று, சாவி நம் கையில் இருக்கிறதா?

முதல் கேள்வி: எழுதியிருப்பது உண்மையா?

நம் தளம் 2017-ம் ஆண்டுத் தொடக்கத்தில் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு நாட்டில் என்னென்ன மாறியது என்று வரிசையாகப் பார்ப்போம்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. நம் விலைப் பட்டியலுக்கு அடியில் "வாட் வரி உட்பட" என்ற வரி இன்னும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்களே மாறின. பாக்கெட்டில் அடைத்த மிக்சர், காராசேவு போன்ற நொறுக்குத் தீனிகளுக்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆனது. குளியல் சோப்புக்கு 18 சதவீதமாக இருந்தது 5 ஆனது. வரி போட்டு விற்கிற குழுக்கள் அன்றைக்கே விலைப் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. நம் தளத்தின் முதல் படத்தில் சாமை அரிசியை எதில் போட்டுக் கொடுக்கிறோம்? பிளாஸ்டிக் கைப்பையில். இன்று நாம் கொடுப்பது துணிப்பை. அந்தப் பையையும் நம் குழுவே தைக்கிறது. விளம்பரமாக இருக்க வேண்டிய விஷயம் மறைந்து கிடக்கிறது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. தளத்தில் நம் முகவரி விழுப்புரம் மாவட்டம். "பின்கோடு சரியா இருந்தா கூரியர் வந்துடுமே" என்று நீங்கள் சொல்லலாம். பார்சல் வந்துவிடும். ஆனால் மொத்தமாக வாங்குகிற ஒருவர் நம் பில்லைப் பார்க்கிறார், உணவுப் பாதுகாப்புச் சான்றைப் பார்க்கிறார், தளத்தையும் பார்க்கிறார். மூன்றில் ஒன்றில் மட்டும் வேறு மாவட்டம். "இவங்க அவங்கதானா?" என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், ஆர்டர் நின்றுவிடும்.

இதெல்லாம் வெளியே நடந்த மாற்றங்கள். நமக்குள்ளே நடப்பதும் உண்டு. போனை எடுக்கிறவர் மாறுகிறார். ஒரு குழு சோப்பு செய்வதை நிறுத்துகிறது. இன்னொரு குழு சத்துமாவு ஆரம்பிக்கிறது. உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கம். லேபிளில் இருக்கும் எண்ணும் தளத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலைப் புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் புளி இறங்கும்போது ஒரு விலை, ஐப்பசியில் ஒரு விலை. அப்படி மாறுகிற விலையைக் கல்வெட்டு மாதிரி தளத்தில் எழுதக் கூடாது. எழுதினால் பக்கத்திலேயே தேதியையும் போடுங்கள். இல்லையென்றால் "இன்றைய விலைக்குப் போன் செய்யவும்" என்று போடுங்கள். ஆனால் தளத்திலேயே பணம் வாங்கிக்கொண்டு பாக்கெட் பொருள் விற்கிற குழுக்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை போன்ற விவரங்களைத் தளத்திலும் காட்ட வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் சட்டமுறை எடையளவு விதி அப்படித்தான் சொல்கிறது.

நல்ல சேதி வரும்போதும் இதே கேள்விதான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. உடனே தளத்தில் போடலாம் என்று ஆசை வரும். அந்தக் குறியீட்டைத் தன் பொருளில் போட்டுக்கொள்ள, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் அன்றே போடுங்கள். இல்லையென்றால் முதலில் பதிவு, பிறகு தளம்.

இரண்டாவது கேள்வி: வந்தவர் வேலை முடிகிறதா?

இதைக் கண்டுபிடிக்க நிறுவனத்தார் யாரும் வேண்டாம். நம் தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டு மருமகளாக இருக்கட்டும். அவர் போனையே வாங்கி முகவரியை அடித்துக் கொடுங்கள். "அரை கிலோ புளி வேணும், எப்படி வாங்குவே, செஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. "அங்க தொடு, இங்க தொடு" என்று சொல்லிக் கொடுத்தால் சோதனை வீணாகிவிடும். சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

எழுத்து பொடியாகத் தெரிந்து அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாரா? அப்படியானால் அந்தத் தளம் கம்ப்யூட்டருக்காகச் செய்தது, போனுக்காக அல்ல. இது தேடுதலையும் பாதிக்கும். கூகுள் இப்போது ஒரு தளத்தை எடைபோடும்போது போனில் எப்படித் தெரிகிறதோ அதைத்தான் முதலில் பார்க்கிறது. சில ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்துவந்த அந்த மாற்றம் 2023-ல் முழுமை பெற்றது.

தமிழ் எழுத்துக்கு பதிலாகக் கோணல்மாணலாக ஏதோ தெரிகிறதா? அது பழைய எழுத்துருவில் அடித்தது. ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசே யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் எல்லாப் போனிலும் தெரியும்.

பொருள் பட்டியல் முழுவதும் ஒரே படமாக, நோட்டீசைப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கிறதா? அதில் ஒரு விலையை மாற்றக் கூட டிசைன் செய்தவரைத் தேடிப் போக வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடும்போது எளிதில் அகப்படவும் அகப்படாது.

தளத்தைத் திறந்ததும் "பாதுகாப்பற்றது" என்று வருகிறதா? 2018 ஜூலையிலிருந்து குரோம் அப்படிக் காட்டுகிறது. முகவரித் தொடக்கத்தில் எச்.டி.டி.பி. என்பதற்குப் பிறகு ஒரு "எஸ்" சேர்ந்திருக்க வேண்டும். அதற்கான சான்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு அதெல்லாம் தெரியாது. "ஐயோ, பேங்க் பணம் போயிடுமோ" என்று மூடிவிட்டுப் போய்விடுவார்.

கடைசியாக, போன் நம்பரைத் தொட்டால் கால் போகிறதா? போன கால் யாருக்குப் போகிறது? இந்த ஒன்றை மட்டுமாவது இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: சாவி யார் கையில்?

பீரோ சாவியை ஒரே ஆள் வைத்திருக்கக் கூடாது, கூட்டுப் பொறுப்பு வேண்டும் என்று குழுவில் விதி வைத்திருக்கிறோம். தளத்துக்கும் சாவி உண்டு. தளத்தின் பெயரை ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் சொந்தம் ஆகிவிடாது. அது குத்தகை மாதிரி. குறித்த காலத்தில் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊறுகாய் பாட்டில் லேபிளில் அச்சடித்த முகவரியை ஒருவர் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். அந்த அவமானம் யாருக்கு?

ஆகவே கேளுங்கள். பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கூட்டமைப்பின் பெயரிலா, செய்து கொடுத்தவர் பெயரிலா? புதுப்பிக்கிற தேதி எது? ஓடிபி யார் போனுக்கு வருகிறது? பாஸ்வேர்டு எங்கே எழுதி வைத்திருக்கிறது? இதற்குப் பதில் இல்லையென்றால், வண்ணம் மாற்றுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இதுதான்.

இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்கும் இதே எச்சரிக்கை. சிறு கடைகள் இலவசமாகத் தளம் அமைத்துக்கொள்ள கூகுள் ஒரு வசதி தந்திருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூன் 10 வரை மட்டும் பழைய முகவரியைத் தட்டினால் கடையின் கூகுள் பக்கத்துக்குப் போனது. அதன் பிறகு அதுவும் இல்லை. அந்த முகவரியைப் பையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்தவர்கள் பாடு என்ன? இலவசத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்தவர் திண்ணையில் கடை போட்டிருக்கிறோம் என்கிற நினைப்பு இருக்க வேண்டும்.

எது காரணம் ஆகாது?

"பக்கத்து வட்டாரத்துக் கூட்டமைப்பு புதுசா செஞ்சிருக்காங்க." இது காரணம் அல்ல. பக்கத்து வீட்டில் வெள்ளையடித்தால் நம் வீட்டுக் கூரை ஒழுகுவது நிற்காது.

"மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தியே ஆகணும்." இப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர். வருடக் கணக்கு எதுவும் கிடையாது. மூன்று கேள்விக்கும் நல்ல பதில் இருந்தால் பத்து வருடத் தளமும் ஓடும். பதில் இல்லையென்றால் போன மாதம் செய்த தளமும் தப்புதான்.

"அதிகாரிகள் பார்வையிட வர்றாங்க." அவர்கள் வந்து போய்விடுவார்கள். தினமும் வருகிறவர் வாடிக்கையாளர்.

மூன்று வகை வேலை

குறை கண்டால் எல்லாவற்றுக்கும் 45,000 ஆகாது. வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, அன்றே செய்ய வேண்டியது. போன் நம்பர், முகவரி, உணவுப் பாதுகாப்பு எண், விலை, நிறுத்திவிட்ட பொருள். இவை தப்பாக இருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. தீர்மானமும் தேவையில்லை. கணக்காளர் பெண்ணே பத்து நிமிடத்தில் மாற்றும்படி தளம் இருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, மாதாமாதம் செய்ய வேண்டியது. புதுப் படம், இந்தப் பருவத்தில் என்ன கிடைக்கும், என்ன தீர்ந்துவிட்டது. இதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி.

மூன்றாம் வகை, அடியோடு மாற்றுவது. இது எப்போது? போனில் படிக்கவே முடியாதபோது. பழைய எழுத்துருவிலோ படமாகவோ இருந்து நம்மால் ஒரு எழுத்துக் கூட மாற்ற முடியாதபோது. சாவியை மீட்கவே முடியாதபோது. அல்லது நம் தொழிலே மாறிவிட்டபோது. உதாரணமாக, கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்துவந்த நாம் இனி வீடுகளுக்கு நேரடியாக அனுப்பப் போகிறோம் என்றால் பழைய தளம் தாங்காது. அப்போது செலவு செய்யத் தயங்கக் கூடாது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பிலும் சந்தையிலும் வருகிறது, தளத்தைக் கவனிக்க ஆள் இல்லை என்றால், ஒரே ஒரு பக்கம் போதும். நாம் யார், என்ன செய்கிறோம், எங்கே இருக்கிறோம், எந்த நம்பர். பத்துப் பக்கத் தப்பை விட ஒரு பக்க உண்மை மேல்.

முடிவெடுப்பது எப்படி?

இப்போது 45,000 ரூபாய்க்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆர்டர் கேட்டு யார் போன் செய்தாலும், "எங்களைப் பத்தி எங்கே பார்த்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள். தளம், வாட்ஸ்அப், கண்காட்சி, தெரிந்தவர் சொன்னது என்று நான்கு கட்டம் போதும். தளத்தைப் பார்த்தவர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "பார்க்கும்போது ஏதாவது கஷ்டமா இருந்துச்சா?" இரண்டு மாதம் எழுதினால் நம் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

இந்த இரண்டு மாதமும் முதல் வகைத் தப்புகள் அப்படியே கிடக்கலாமா? கூடாது. அவற்றை இந்த வாரமே சரி செய்ய வேண்டும். இல்லையென்றால் நோட்டில் வருகிற கணக்கும் சரியாக இருக்காது. தப்பு நம்பரைப் பார்த்தவர் எப்படிப் போன் செய்வார், சொல்லுங்கள்?

இங்கே முன்வரிசை அக்கா ஒருவர் கை தூக்குகிறார். "ரெண்டு மாசம் பொறுத்தா தீபாவளி ஆர்டர் போயிடுமே?" என்கிறார். சரியான கேள்வி. தீபாவளி ஆர்டருக்கு வேண்டியது சரியான நம்பர், சரியான விலை, புதுப் படம். மூன்றும் முதல் இரண்டு வகை வேலைதான். அவற்றுக்கு யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. பண்டிகை நெருக்கத்தில் தளத்தை அடியோடு கலைத்தால்தான் ஆபத்து. சமையல் நடக்கும்போது அடுப்பை இடித்துக் கட்ட மாட்டோம் அல்லவா?

இரண்டு மாதம் கழித்து, தளத்தால் ஆர்டர் வருகிறது, ஆனால் அதன் அமைப்பு நம்மைத் தடுக்கிறது என்று நோட்டு சொன்னால், அப்போது மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். அரிசி வாங்கவே மூன்று கடையில் கேட்கிறோம். விலைப்புள்ளியில் இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்: தளத்தின் பெயர் கூட்டமைப்பின் பெயரில் பதிவாக வேண்டும், விலையும் படமும் நாமே மாற்றும்படி நம் ஆட்கள் இருவருக்குப் பயிற்சி தர வேண்டும், இரண்டாம் ஆண்டிலிருந்து வருடச் செலவு எவ்வளவு என்று இப்போதே சொல்ல வேண்டும். முதல் வருடச் செலவை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மாட்டை வாங்கிவிட்டுத் தீவனத்துக்குத் தவிக்கிற கதையாகிவிடும்.

ஆகவே வருகிற செயற்குழுவுக்கு நாங்கள் வைக்கும் யோசனை இது. முகவரி, நம்பர், விலை, படம், வரி வாசகம், உணவுப் பாதுகாப்பு எண் ஆகியவை ஏழு நாளில் சரி செய்யப்பட வேண்டும். தளத்தின் சாவி இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்ததும் ஒரு உறுப்பினர் தன் போனில் தளத்தைத் திறந்து சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வேறு ஒருவர். கேட்டுக்கொண்டிருக்கிற நாற்பது பேரில் யாராவது ஒருவர், "அது நாம இப்ப செய்யறதில்லையே" என்று சொல்லிவிடுவார். அந்தக் குரலை விடச் சிறந்த பரிசோதனை எந்த நிறுவனத்திடமும் இல்லை. 45,000 ரூபாய் பற்றிய முடிவு இரண்டு மாதக் கணக்கு வந்த பிறகு.

வேண்டாம் என்று முடிவானாலும், செய்வோம் என்று முடிவானாலும், அது நம் கணக்கைப் பார்த்து நாம் எடுத்த முடிவாக இருக்கட்டும்.